தாழ்ப்பாள் இல்லாத வாயில்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய எனக்கு, ஜூன் மாதம் என்றாலே ஒரு கலக்கம் உண்டு. நாற்பது பேர் அமர்வதற்கென்று கட்டிய வகுப்பறையில் அறுபது பிள்ளைகள் தோளோடு தோள் நெருக்கி அமர்ந்திருப்பார்கள். அதற்கு மேலும் ஒரு தந்தையார் தம் மகனின் கையைப் பற்றிக்கொண்டு என் அறை வாயிலில் வந்து நிற்பார். "பெஞ்சில் இடமில்லையே, ஐயா" என்பேன். "தரையில உட்கார்ந்து படிப்பானுங்க, சார்" என்பார் அவர். ஓர் ஆண்டு அப்படி ஒரு சிறுவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மறு கோடையில் அவனைச் செங்கற் சூளை ஒன்றில் கல் சுமக்கக் கண்டேன். உள்ளே இருந்த அறுபது பேருக்கு நான் செய்தது சரி. அந்த ஒருவனுக்குச் செய்தது சரியா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

ஒரு பள்ளிக்கூடத்து வாயிலிலேயே இத்தனை சங்கடம் என்றால், ஒரு நகரத்தின் வாயிலில், அதுவும் போர்க்காலத்தில், எத்தனை சங்கடம் இருந்திருக்கும்! 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த ஹாங்காங், சீன மக்கள் உள்ளே வருவதற்குப் பொதுவான கட்டுப்பாட்டை விதித்தது. விதித்தவர்கள் நெரிசலைக் காட்டினார்கள். சீன அரசாங்கம் நெடுங்கால உரிமையைக் காட்டியது. சீனா ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டனோ ஜப்பான் எப்போது தன்மேல் பாயுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தது. ஒரே அபாயத்தை எதிர்நோக்கி நின்ற இருவர், ஒரு வாயிற்படியைப் பற்றி வழக்காடிய கதையே இன்று நான் உங்களுக்குக் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

நிலப்படத்தில் ஹாங்காங்கைத் தேடினால், தென்சீனக் கடற்கரையில் முத்து ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கிழக்கே ஒரு புள்ளியாகக் காண்பீர்கள். அபினிப் போரின் முடிவில், 1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங் தீவு பிரிட்டனுக்கு உரியதாயிற்று. எதிர்க்கரையிலுள்ள கௌலூன் முனை 1860-இல் சேர்ந்தது. அதற்கும் வடக்கே, ஷாம்சுன் ஆறு வரையிலுள்ள பகுதியும் சுற்றியுள்ள தீவுகளும் 1898-இல் 99 ஆண்டுக் குத்தகையாக வந்தன. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 390 சதுர மைல். பரப்பைக் கேட்டால் சிறிதன்று என்று தோன்றும். ஆயினும் பெரும்பகுதி செங்குத்தான குன்றுகள். மக்களில் மிகப் பலர் தீவின் வடகரையில் ஒரு குறுகிய நிலப்பட்டையிலும், கௌலூனின் தெருக்களிலுமே நெருங்கி வாழ்ந்தார்கள்.

அங்கு வாழ்ந்தவர்கள் யார்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சீனர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஹாங்காங்கைத் தம் ஊர் என்று கருதியவர்கள் அல்லர். ஊர் என்பது காண்டன் மாகாணத்தில் எங்கோ ஒரு சிற்றூர். தாயும் மனைவியும் மூதாதையர் கல்லறைகளும் அங்கே இருந்தன. ஹாங்காங் பிழைக்கும் இடம். புத்தாண்டுக்கு ஊருக்குப் போவார்கள்; வேனிற்காலத் தொடக்கத்தில் கல்லறைகளைத் துப்புரவு செய்யப் போவார்கள்; நெல் அறுவடைக்கும் சிலர் போவார்கள்; பின்னர்த் திரும்புவார்கள். நம் நாட்டிலிருந்து கொழும்புக்கும் இரங்கூனுக்கும் போய் வந்தவர்களின் வாழ்க்கை எவ்வாறு இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டிருப்பீர்களாயின், இது எளிதில் விளங்கும்.

உயிரோடு இருப்பவர்கள் மட்டுமல்லர், இறந்தவர்களும் இவ்வாயில் வழியே போய் வந்தார்கள். துங்வா என்ற சீன அறநிலைய மருத்துவமனை, சவப்பெட்டிகளை வைத்துக் காப்பதற்கென்றே ஒரு விடுதியை நடத்தியது. அமெரிக்காவிலும் தென்கடல் நாடுகளிலும் இறந்த சீனர்களின் எலும்புகள் அங்கே வந்து தங்கி, பிறகு சொந்த ஊருக்குச் சென்று அடக்கமாகும். பிற நாட்டார்க்குக் கடவுச்சீட்டு விதிகள் ஏற்பட்டபோதும் சீனர்களுக்கு அவை விலக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இந்த வாயிலுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதனால் பிரிட்டிஷாருக்கு அது இலாபம். எல்லைக்கு அப்பால் கலவரமோ பஞ்சமோ தோன்றும்போது சீனர்களுக்கு அது புகலிடம். அமைதி திரும்பினால் வந்தவர்கள் தாமே திரும்பிப் போவார்கள். எனவே கணக்கு எப்படியோ நேராகிவிடும்.

1937-ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பான் சீனாவின்மீது முழுப்போர் தொடுத்தது. அந்தக் கணக்கு அத்துடன் தவறிப்போயிற்று.

1931-ஆம் ஆண்டு மக்கட்கணிப்பில் ஹாங்காங்கின் தொகை 8,40,000 அளவில் இருந்தது. போர் தொடங்கிய ஆண்டில் சுமார் ஓர் இலட்சம் அகதிகள் வந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1938 அக்டோபரில் ஜப்பானியப் படை அருகிலுள்ள வளைகுடாவில் இறங்கி, 21-ஆம் நாள் காண்டன் நகரைப் பிடித்தது. அவ்வாண்டில் மட்டும் வந்தவர்கள் ஐந்து இலட்சம். 1939-இல் மேலும் ஒன்றரை இலட்சம். 1941-இல் மக்கள்தொகை பதினாறு இலட்சத்தை எட்டியதாக மதிப்பீடு. பத்தே ஆண்டுகளில் ஒரு நகரம் ஏறக்குறைய இருமடங்கு ஆயிற்று. வீடுகளோ இருமடங்கு ஆகவில்லை.

நெரிசல் என்ற சொல்லைப் பாடநூலில் படிப்பது வேறு. அதனுள் வாழ்வது வேறு. மூன்று நான்கு மாடி கொண்ட ஒடுங்கிய வீடுகளில், ஒவ்வொரு மாடியையும் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். அறைக்கும் வழியற்றவர்கள் ஒரு படுக்கை அளவு இடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். இரவு வேலைக்காரன் எழுந்து போனதும் பகல் வேலைக்காரன் அதே பலகையில் படுப்பது உண்டு. அதுவும் கிடைக்காதவர்கள் தெருவில் படுத்தார்கள். நெரிசல் உச்சத்திலிருந்தபோது ஐந்து இலட்சம் பேர் தெருவில் உறங்கினார்கள் என்று கருதப்படுகிறது. மூன்றில் ஒருவர்! அம்மை வந்தது, வாந்திபேதி வந்தது. தீட்டிய அரிசியை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைகளைப் பெரிபெரி என்னும் ஊட்டக்குறை நோய் பற்றியது. காசநோய் எப்போதும் இருந்தது. அரசாங்கம் முகாம்கள் அமைத்தது. தீவின் வடகரையில் நார்த் பாயிண்ட் என்ற இடத்தில் மரக் கொட்டகைகள் எழுந்தன. இவ்விடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கந்தலோடு வந்த ஏழைகள் என்று எண்ணிவிடக் கூடாது. காண்டனிலிருந்த லிங்னான் பல்கலைக்கழகம் 1938-இல் முழுவதுமாகவே ஹாங்காங்குக்கு வந்துவிட்டது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளைப் பகலில் அதன் மாணவர்களும், மாலையில் லிங்னான் மாணவர்களும் பயன்படுத்தினார்கள். ஒரே கரும்பலகையில் இரு பல்கலைக்கழகங்கள்! பீகிங் பல்கலைக்கழகத்தைப் புதுக்கிய பேரறிஞர் சை யுவான்பெய் அங்கே வந்து தங்கி, 1940 மார்ச்சில் அங்கேயே காலமானார். இந்தியத் தத்துவத்தையும் வடமொழியையும் கற்று, தாகூரின் எழுத்துகளைச் சீனமொழியில் பெயர்த்த சூ டிஷான் அப்போது ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நாளிதழ்கள், வங்கிகள், புத்தகக் கம்பெனிகள் ஆகியவையும் வந்து சேர்ந்தன. சீனாவின் தற்காலிகத் தலைநகரமான சுங்கிங்குக்கு ஹாங்காங்கிலிருந்து விமானங்கள் ஜப்பானியரின் தலைக்கு மேலே இரவில் பறந்து சென்றன. மூச்சுத்திணறிய சீனாவுக்கு எஞ்சியிருந்த சாளரங்களுள் ஒன்று அது என்றால் மிகையாகாது.

நிற்க. பிரிட்டிஷ் அதிகாரிகளின் பக்கத்தை இப்போது பார்ப்போம். அவர்களைக் கொடியவர்கள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது வரலாறு ஆகாது. தீவில் ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. மழைநீரைக் குன்றுகளுக்கிடையே தேக்கியே குடித்தார்கள். ஷிங்முன் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய அணையைக் கட்டி முடித்த வேளையில் இந்த மக்கள்வெள்ளம் வந்து சேர்ந்தது. அரிசி கடல் கடந்து வரவேண்டும். ஜப்பானியர் எல்லை ஆற்றின் அக்கரைக்கே வந்துவிட்டார்கள். முற்றுகை ஏற்பட்டால், எத்தனை வாய்களுக்கு எத்தனை நாள் சோறும் தண்ணீரும் போதும் என்று படைத்தலைவர்கள் கணக்கிட்டார்கள். வருகிற கூட்டத்தில் பகைவரின் ஒற்றர்கள் கலந்திருந்தால் எவ்வாறு அறிவது என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

இவற்றின் விளைவாக 1940-இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1941 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உள்ளே நுழைய விரும்பும் சீனர் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். உள்ளே வாழ்பவரும் வெளியே சென்று திரும்ப வேண்டுமாயின் தக்க சான்று வைத்திருக்க வேண்டும். ஆளுநர் நார்த்கோட் உடல்நலக் குறைவால் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக அப்போது பொறுப்பில் இருந்தவர் நார்ட்டன் என்ற படைத்தலைவர். 1924-இல் பிராணவாயுக் கருவியின் உதவியின்றி எவரெஸ்ட் சிகரத்தில் 28,000 அடிக்கு மேல் ஏறியவர் இவரே. உலகின் மிகத் தனிமையான இடத்தைக் கண்டவரிடம் உலகின் மிக நெருக்கமான இடங்களுள் ஒன்றை ஒப்படைத்தது விதியின் வேடிக்கைதான்.

சட்டம் வந்த காலத்தை நோக்க வேண்டும். 1940 ஜூலையில், ஜப்பானின் மிரட்டலுக்கு இணங்கி, பிரிட்டன் பர்மாச் சாலையை மூன்று மாதங்களுக்கு மூடியது. சீனாவுக்குப் போர்த்தளவாடங்கள் சென்ற முதன்மையான தரைவழி அது. அதே ஜூலையில் ஹாங்காங்கிலிருந்து பிரிட்டிஷ் பெண்டிரும் குழந்தைகளும் அரசாங்கச் செலவில் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். வரிப்பணம் எல்லாருடையது; கப்பல் மட்டும் ஐரோப்பிய இனத்தார்க்கோ என்று சீன மக்கள் கசந்து கேட்டார்கள். சட்டமன்றத்திலேயே இது எதிரொலித்தது. இந்த இரண்டு காயங்களும் ஆறாதபோதுதான் மூன்றாவதாக நுழைவுச் சட்டம் வந்தது. சீன அரசாங்கம் அதை எவ்வாறு படித்திருக்கும்? 'உங்கள் சாலையை மூடினோம். உங்களை விட்டுவிட்டு எங்கள் பிள்ளைகளை அனுப்பினோம். இனி உங்கள் மக்களையும் தடுக்கிறோம்' என்றே அது ஒலித்திருக்கும். எண்ணிக்கைபற்றிய ஒரு சட்டம் நட்புபற்றிய கேள்வியாக மாறியது இவ்வாறுதான் என்பது என் கருத்து.

சீன அரசாங்கம் மனம் ஒப்பவில்லை. அதன் மறுப்புக்கு ஆழமான காரணங்கள் இருந்தன. முதலில் சட்டத்தின் சிக்கலைப் பார்ப்போம். பிரிட்டிஷ் சட்டப்படி ஹாங்காங்கில் பிறந்த குழந்தை, தந்தை யாராயினும், பிரிட்டிஷ் பிரஜை. சீனச் சட்டப்படியோ, சீனத் தந்தைக்கு எங்கே பிறந்தாலும் குழந்தை சீனக் குடி. ஆகவே ஒரே மனிதனை இரண்டு அரசுகள் தன்னவன் என்றன. அவனுடைய தம்பி ஆற்றின் அக்கரையில் பிறந்திருந்தால், புதிய சட்டம் அவனை அயலான் என்றது. ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்த அண்ணன் தம்பியருக்கிடையே கோடு கிழிப்பது எவ்வாறு?

உடன்படிக்கை ஏடுகளைப் புரட்டினால் பிரிட்டிஷ் பக்கம் வலுவாகவே இருந்தது. 1842-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தீவை அரசியார் தகுந்ததென்று கருதும் சட்டங்களால் ஆளலாம் என்று தெளிவாகக் கூறுகிறது. அதில் நுழைவுரிமைபற்றிய பேச்சே இல்லை. சீனாவின் பக்கத்தில் இருந்தது வழக்காறு. நூறு ஆண்டுகளாகத் தடையின்றி நடந்துவந்த வழக்காறு. மேலும் 1898-ஆம் ஆண்டு ஒப்பந்தம் குத்தகையே அன்றிக் கொடை அன்று. கௌலூன் கோட்டை நகரில் சீன அதிகாரிகள் தம் பணியைத் தொடரலாம் என்றும், அங்குள்ள துறையில் சீனக் கப்பல்கள் வந்து போகலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. மை காய்ந்த மறு ஆண்டே, பிரிட்டிஷார் அவ்வதிகாரிகளை வெளியேற்றிவிட்டார்கள். எழுதிய உரிமையே அந்தப் பாடுபட்டால், எழுதாத வழக்கம் என்ன பாடுபடும் என்று சீனர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

இன்னொரு முரணும் இருந்தது. பிரிட்டிஷ் குடிமகன் ஒருவன் ஷாங்காயில் வாழலாம், வாணிகம் செய்யலாம், குற்றம் செய்தால் சீன நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாமல் தன் நாட்டு நீதிமன்றத்தின்முன் நிற்கலாம். அபினிப் போர் முதல் வந்த தனிச்சலுகை இது. அவ்வாறிருக்கச் சீனன் ஹாங்காங்கின் படகுத்துறையில் சீட்டைக் காட்டவேண்டும் என்றால் கொடுக்கல் வாங்கல் சமமாகவா இருக்கிறது? அமெரிக்கா 1882 முதலே சீனத் தொழிலாளரைத் தடுத்திருந்தது. கனடா 1923-இல் கதவடைத்தது. ஆஸ்திரேலியாவும் அவ்வாறே. உலகமெங்கும் மூடிய கதவுகளைக் கண்டு புண்பட்ட ஓர் இனத்துக்குத் தன் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு கதவு மூடுவது எவ்வளவு கசந்திருக்கும்!

இத்தகைய வழக்கை யாரிடம் பேசுவது? இங்கேதான் அரசியல் தூதின் நெளிவுசுளிவுகளை நீங்கள் கவனிக்க வேண்டும். ஹாங்காங்கில் சீனா ஒரு தூதரை வைத்துக்கொள்ளப் பிரிட்டன் ஒருபோதும் இசையவில்லை. மக்களில் பெரும்பாலோர் சீனராக இருக்கும் நகரில் சீனத் தூதர் ஒருவர் இருந்தால், ஆளுநருக்குப் போட்டியாக இன்னோர் ஆளுநர் முளைத்ததுபோல் ஆகும் என்பது பழைய அச்சம். எனவே முறைப்படி பேசவேண்டுமானால், படகில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள விவகாரம் சுங்கிங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்கோ, இலண்டனுக்கோ போய்த்தான் திரும்ப வேண்டும். பிரிட்டிஷ் தூதர் ஆர்ச்சிபால்ட் கிளார்க் கெர் வெளிநாட்டு அமைச்சகத்துக்கு எழுதுவார். ஹாங்காங் ஆளுநரோ குடியேற்ற நாட்டு அமைச்சகத்துக்கு எழுதுவார். ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்கள். ஆனால் இரண்டும் இரண்டு வெவ்வேறு சாளரங்கள் வழியே ஆசியாவைப் பார்த்தன. ஒன்றின் கண்ணுக்குத் தெரிந்தது தெருவில் உறங்கும் ஐந்து இலட்சம் பேர். மற்றொன்றின் கண்ணுக்குத் தெரிந்தது, ஜப்பானின் பத்து இலட்சம் படைவீரர்களைத் தன் மண்ணில் கட்டி நிறுத்தியிருந்த சீனா என்ற நண்பன். பள்ளிக்கூடத்துக்கும் இது தெரிந்த கதைதான்: மேலதிகாரி ஒருவர் யாரையும் திருப்பி அனுப்பாதே என்பார், மற்றொருவர் விதித்த அளவுக்கு மேல் ஒருவரையும் சேர்க்காதே என்பார், இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வரும்.

கருத்து வேற்றுமை தீராமலே சட்டம் நடந்துவந்தது. ஆனாலும் கடற்கரை நீளமானது, வளைகுடாக்கள் எண்ணற்றவை, இரவில் வரும் பாய்மரப் படகுக்கு அனுமதிச் சீட்டு யார் கேட்பது? ஆகையால் சட்டம் பெரிதும் தொட்டது விதிப்படி கப்பலிலும் படகிலும் வந்தவர்களையே.

இதே 1941-இல், இதே பேரரசின் இன்னொரு மூலையில், நம் மக்களுக்கும் இத்தகைய ஓர் அனுபவம் ஏற்பட்டது. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். இங்கிருந்து இரங்கூனுக்குப் போவது மதுரைக்குப் போவது போன்றது. பிரிந்த பிறகு, 1941-இல் இந்திய அரசாங்கமும் பர்மிய அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்தியர் குடியேற்றத்துக்குச் சீட்டு முறையை விதித்தது. காந்தியடிகள் உட்படப் பலர் அதைக் கடிந்தார்கள். பர்மியர் பக்கத்திலும் நியாயம் இருந்தது; அவர்கள் தம் நாட்டில் தாம் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று அஞ்சினார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். 1942-இல் இரங்கூனிலிருந்து அஸ்ஸாம் வரை காட்டு வழியே நடந்து வந்தவர். "போகும்போது டிக்கெட்டு கேட்டான், தம்பி, வரும்போது ஒருத்தனும் ஒண்ணும் கேட்கல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஹாங்காங்குக்குத் திரும்புவோம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் காலை ஜப்பானியப் படை ஷாம்சுன் ஆற்றைக் கடந்தது. அனுமதிச் சீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினோரு மாதங்கள்கூட நிறையவில்லை. நகரைக் காத்துப் போரிட்டவர்களில் பிரிட்டிஷாரோடு கனடா வீரர்களும், இந்தியாவின் ராஜபுத்திரப் படையும் பஞ்சாப் படையும், ஹாங்காங்கின் தொண்டர் படையும் இருந்தார்கள். தூதர் இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட நகரில், சீன அரசாங்கத்தின் ஆளாக மறைவில் இயங்கிவந்த கடற்படைத் தலைவர் சான் சாக் என்பவர் இருந்தார். ஒரு கால் இழந்தவர். போர் மூண்டதும் ஆளுநர் மார்க் யங்கின் ஆட்சியினர் அவருடைய உதவியை நாடினார்கள். நகருக்குள் இருந்த ஜப்பானியக் கையாட்களை அடக்குவதற்கு அவருடைய ஆட்கள் துணைநின்றார்கள். நட்பு என்பது நாள் கடந்துதான் கைகூடியது.

நீரைப்பற்றி அதிகாரிகள் அஞ்சியது மெய்யாயிற்று. ஏரிகள் பகைவர் கையில் வீழ்ந்தன; குழாய்கள் குண்டுபட்டு உடைந்தன; குடிநீரின்றி மக்கள் தவித்தார்கள். டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் மாலையில், ஆளுநர் சரணடைந்தார். அன்று மாலையே சான் சாக், பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலரோடு, குண்டுமழைக்கிடையே நீந்தித் தப்பி, சிறு போர்ப்படகுகளில் ஏறிச் சீனக் கரையை அடைந்தார். முன்பு நுழைவுச் சீட்டுக் கேட்ட அரசாங்கத்தின் அதிகாரிகள், இப்போது சீட்டு ஏதுமின்றிச் சீன மண்ணில் நடந்தார்கள். அங்குள்ள ஊரார் அவர்களை வரவேற்று உணவளித்தார்கள்.

அகதிகளுக்கென்று கட்டிய நார்த் பாயிண்ட் கொட்டகைகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஜப்பானியர் அவற்றைப் போர்க்கைதிகளின் முகாம் ஆக்கினார்கள். கனடா நாட்டு இளைஞர்கள் பலர் அங்கே அடைபட்டார்கள்.

நெரிசலுக்கு ஜப்பானியர் கண்ட வழி வேறு. 1942 முதலே, ஊருக்குத் திரும்புதல் என்ற பெயரால், வேலையற்றவர்களையும் ஏழைகளையும் இலட்சக்கணக்கில் வெளியேற்றினார்கள். முதலில் தாமாகச் சென்றவர்கள் பலர். அரிசி குறையக் குறைய, தெருவிலே பிடித்துப் படகேற்றி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தபோது நகரில் எஞ்சியிருந்தோர் சுமார் ஆறு இலட்சம். பதினாறு இலட்சம் ஆறு இலட்சம் ஆயிற்று. எந்த நுழைவுச் சட்டத்தாலும் செய்ய இயலாததைப் பட்டினியும் துப்பாக்கியும் மூன்றே முக்கால் ஆண்டுகளில் செய்து முடித்தன.

இதற்கிடையில் சுங்கிங்கில் பழைய கணக்குகளுள் ஒன்று தீர்ந்தது. 1943 ஜனவரி 11-ஆம் நாள், பிரிட்டன் சீனாவில் தனக்கிருந்த தனிச்சலுகைகளைக் கைவிட்டு ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அதில் இந்தியாவின் பெயரும் தனியே உண்டு; பின்னாளில் திபெத்திய ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ஹியூ ரிச்சர்ட்சன் இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டார். குத்தகை நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சீனா அப்போது வற்புறுத்தியது, பிரிட்டன் மறுத்தது, பின்னர் இதைப்பற்றிப் பேசும் உரிமையைச் சீனா வைத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் தன் சீனர் தடைச்சட்டத்தை நீக்கி, ஆண்டுக்கு 105 பேரை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. நூற்றைந்து பேர்!

போர் முடிந்ததும் ஹாங்காங்குக்கு மக்கள் திரும்பி வந்தார்கள். மாதந்தோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் என்று சொல்கிறார்கள். 1947 முடிவில் தொகை 18 இலட்சம். போருக்கு முந்திய அளவையும் கடந்துவிட்டது. பின்னர்ச் சீனாவில் உள்நாட்டுப் போர். 1949-இல் ஆட்சி மாற்றம். அவ்வாண்டிலேயே ஹாங்காங் அரசாங்கம் புதிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும், குடிகள் அனைவரையும் பதிந்து அடையாள அட்டை தரும் சட்டத்தையும் இயற்றியது. 1950 மே மாதத்தில் எல்லையில் நுழைவுக்கு அளவு வகுத்தது. பீகிங்கில் இருந்தது சியாங் கை ஷேக்கின் ஆட்சி அன்று. அவரை விரட்டிய பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி. எந்தப் பொருளிலும் பழைய அரசாங்கத்தோடு ஒத்துப்போகாத அந்தப் புதிய அரசாங்கம், இந்த ஒன்றில் மட்டும் பழைய அரசாங்கத்தின் நிலையையே எடுத்துக்கொண்டு, சீன மக்கள் நெடுங்காலமாகத் தடையின்றிப் போய்வந்த வழியை அடைக்கலாகாது என்று பிரிட்டனிடம் எதிர்ப்புத் தெரிவித்தது.

99 ஆண்டுக் குத்தகை 1997 ஜூன் 30-ஆம் நாள் முடிந்து, ஹாங்காங் முழுவதும் சீனாவின் ஆட்சிக்குத் திரும்பியது. ஷாம்சுன் ஆற்றின் எல்லைச் சோதனைச் சாவடி மட்டும் எடுபடவில்லை. சீனாவின் பிற பகுதிகளிலிருந்து ஹாங்காங்குக்குள் செல்லும் சீனக் குடிமக்கள் அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்கிறார்கள். அந்தச் சீட்டை வழங்குவது இப்போது சீன அரசாங்கமே.